ரங்கூன் அக்காவுக்கு விழுந்த கைதட்டல்

எங்கள் வீட்டுக்கு அகதிகள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அதைத் தெரு முழுக்க ஓடிப்போய்ச் சொன்னவள் நான்தான். திண்டுக்கல் பேகம்பூரில் அதுவரை யார் வீட்டுக்கும் அகதி வந்ததில்லை. மாமா வருவார், மாமி வருவார், பெருநாளைக்கு மதுரையிலிருந்து யாராவது பலகாரத்தோடு வருவார்கள். அகதி என்றால் பத்திரிகையில் படம் போடுகிற ஆள்! அப்படிப்பட்டவர்கள் எங்கள் வீட்டில் வந்து தங்கப்போகிறார்கள் என்றால் சும்மாவா? ஒரு வாரம் வகுப்பில் எனக்கு இருந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்து பெஞ்சுக்காரி தன்னுடைய இலந்தை வடையில் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

அவர்கள் வந்தார்கள். மவுசு போயிற்று. எனக்கிருந்தது மட்டுமல்ல, இருந்ததெல்லாமே அவளிடம் போயிற்று.

அவள் என்றால் என் பெரியத்தாவின் மகள். பெரியத்தா என் அப்பாவின், அதாவது அத்தாவின், கூடப்பிறந்த அண்ணன். ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தவர். அறுபதுகளின் நடுவில், அங்கே பட்டாளத்து ஆட்சி வந்து கடைகளையெல்லாம் சர்க்காரே எடுத்துக்கொண்டு, நம் ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அத்தாவுடைய அத்தா வெள்ளைக்காரன் காலத்தில் போனவர். அப்போது பாஸ்போர்ட்டும் கிடையாது, விசாவும் கிடையாது. “இந்தியாவும் பர்மாவும் ஒரே தொரையோட வீட்டுல ரெண்டு ரூம்பு மாதிரி. இந்த ரூம்புல இருந்து அந்த ரூம்புக்குப் போனாரு, அம்புட்டுத்தான்” என்பார் அத்தா. துரை வீட்டைக் காலி செய்துகொண்டு போன பிறகு நடுக்கதவு சாத்தப்பட்டுவிட்டது. அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களை, உன் ரூம்புக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு அப்போது கேட்கச் சுவாரசியமாக இருந்ததே தவிர, இதனால் என்னுடைய நல்லி எலும்பு பறிபோகும் என்று யார் கண்டது?

வெள்ளிக்கிழமை பிரியாணியில் நல்லி எலும்பு எனக்கு என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அத்தாவே எடுத்துத் தட்டில் வைப்பார். நான் அதைத் தட்டில் தட்டி உறிஞ்சுகிற சத்தத்தில் அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். அவர்கள் வந்த முதல் வெள்ளிக்கிழமை அத்தாவின் கை என் தட்டைத் தாண்டிப் போயிற்று. அவளுக்கு அதை உறிஞ்சக்கூடத் தெரியவில்லை. ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டாள். ஒதுக்கி வைத்ததையாவது எனக்குத் தந்தார்களா என்றால், “எச்சி எலும்புக்கு அலையாதடி” என்று அம்மாவிடம் பேச்சு வாங்கியதுதான் மிச்சம்.

என்னைவிட மூன்றே மாதம் மூத்தவள். அதற்காக அக்கா என்று கூப்பிட வேண்டுமாம். பெருநாளைக்கு எடுத்துவைத்திருந்த என் பாவாடை அக்காவுக்கு. ஜன்னலோரம் நான் படுக்கும் இடம் அக்காவுக்கு. தினம் காலையில் பெரியம்மா ஏதோ ஒரு மரக்கட்டையைக் கல்லில் உரைத்து, மஞ்சளாக வருகிற குழம்பை அவள் கன்னத்தில் வட்டமாகப் பூசிவிடுவார். தனக்கா என்று அதற்குப் பெயர். துலுக்கச்சாமந்திப் பூ மாதிரி இரண்டு கன்னத்தோடு அவள் வாசலில் வந்து நின்றால் தெருப் பெண்கள் கூடிவிடுவார்கள். நானும் விடவில்லை, அடுப்படியிலிருந்து ஒரு விறகுக் கட்டையை எடுத்துப்போய்க் கிணற்றடிக் கல்லில் உரைத்துக் கன்னத்தில் அப்பிக்கொண்டேன். இரண்டு நாள் முகம் எரிந்தது. அம்மா சிரித்த சிரிப்பில் இன்னும் கொஞ்சம் எரிந்தது.

எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் பேசாமல் இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கேட்டால் தலையாட்டுவாள், மிஞ்சினால் ஒரு வார்த்தை. அதற்கும் பாராட்டு!

“ரங்கூன்ல பொறந்த புள்ள, என்னா அடக்கம் பாரேன். நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, வாயத் தொறந்தா மூடுறதுக்கு ஆள் விடணும்” என்பாள் எதிர்வீட்டு மாமி, என்னைப் பார்த்துக்கொண்டே.

இப்படியாக வீடு கையைவிட்டுப் போன பிறகு எனக்கு மிச்சமிருந்தது பள்ளிக்கூடம் ஒன்றுதான். அங்கே மேடை என்றால் நான். பேச்சுப் போட்டி, பாட்டு, நாடகம் எதுவானாலும் டீச்சர் முதலில் என் பெயரைத்தான் சொல்வார். அந்த வருடம் எனக்கு அது இன்னும் முக்கியமாக இருந்தது. ஐந்தோடு அந்தப் பள்ளி முடிகிறது. அதற்குமேல் என்னை அனுப்புவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அனுப்பினாலும் பெரிய பெண்ணாகிவிட்டால் எங்கே மேடை, எங்கே நாடகம்? ஆக, வரப்போகிற சுதந்திர தின விழாதான் எனக்குக் கடைசி. கடைசியில் எல்லோரும் வாயைப் பிளக்கும்படி ஒன்று செய்துவிட வேண்டும் என்று உறுதியாக இருந்தேன்.

அதற்கேற்ற மாதிரி டீச்சர் ஒரு நாடகமும் எழுதியிருந்தார். ‘கடல் தாண்டிய கண்ணாத்தா’. சரித்திரப் பாடத்தில் எங்களுக்குச் சொன்னதையே நாடகமாக்கியிருந்தார். ஆப்பிரிக்காவில் மனிதர்களைச் சங்கிலியில் கட்டிக் கப்பலில் ஏற்றி விற்றார்கள். அந்த வியாபாரத்தைச் சட்டம் போட்டு நிறுத்தியதும், தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே என்று துரைமார்கள் நம் பக்கம் திரும்பினார்கள். இங்கே பஞ்சம். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி வந்து ஆசை காட்டினான். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார்கள். சங்கிலிக்குப் பதில் கைநாட்டு, அவ்வளவுதான் வித்தியாசம் என்பார் டீச்சர். கண்ணாத்தா அப்படிப் போகிறவள். கைக்குழந்தையை ஊரில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறும் இடத்தில் அவளுக்கு ஒரு நீண்ட வசனம்.  கண்ணாத்தா நான்தான் என்று டீச்சர் சொல்லிவிட்டார். முதல் நாளே முழு வசனமும் எனக்கு மனப்பாடம்.

இரண்டாம் நாள் ஒத்திகையைப் பார்க்க ஹெட்மாஸ்டர் வந்தார். வந்தவர் என்னைப் பார்க்காமல், எங்கள் வகுப்பிலேயே சேர்ந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ரங்கூன் அக்காவைப் பார்த்தார்.

“ஏம்மா டீச்சர், கப்பல்ல வந்த புள்ள ஒண்ணு நம்மகிட்டயே இருக்கையில வேற ஆளு எதுக்கு? அந்தப் புள்ளைய நிக்க வைங்க, அந்த மொகமே போதும்.”

“சார், அந்தப் புள்ளைக்குச் சத்தமே வராது சார்.”

“வசனத்த யாராவது பின்னாடி இருந்து சொல்லட்டும்மா.”

முடிந்தது. வாயைத் திறக்காத ஒருத்திக்கு வசனம் உள்ள வேஷம். எனக்கு? கங்காணி. வேட்டி, அத்தாவின் நிக்காஹ் காலத்துக் கறுப்புக் கோட்டு, கையில் பிரம்பு, அடுப்புக்கரியில் மீசை. “நீ நல்லா அதட்டுவ, உனக்குத்தான் பொருந்தும்” என்று டீச்சர் சமாதானம் சொன்னார். நாடகம் முழுக்கக் கங்காணிக்கு இருந்தது நான்கே வரி. கப்பல் துறையில் வரிசையாக வருகிறவர்களின் மூட்டையைப் பிரம்பால் தட்டி, “ஏறு, ஏறு கப்பல்ல” என்று சொல்வதோடு சரி.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடமாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “நீயே பண்ணிக்கோ, எனக்கு வேணாம்” என்றாள். அதாவது, விட்டுக்கொடுக்கிறாளாம்! அதிலும் அவளுக்குத்தான் நல்ல பெயர் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா? “ஒண்ணும் தேவையில்ல போ” என்று திரும்பிப் படுத்தேன். படுத்தபடியே யோசித்தேன். நான்கு வரியை நாற்பது வரியாக்கக் கங்காணிக்கு வழியில்லாமலா போகும்?

அதட்டுவதற்கு எனக்கு ஆசான் வெளியில் இருந்தார். ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும் காய்கறி வண்டிகளை ஊர் எல்லையில் நிறுத்திச் சோதிக்கிற செக்போஸ்ட்டில் ஒரு காவலர். அத்தாவோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். மூட்டையைக் குச்சியால் குத்துவார், வண்டிக்காரர் வாய் திறக்கும் முன்பே, “அடியில என்ன? எடு வெளியில. ஒளிச்சியா? எல்லாத்தையும் காட்டு” என்பார். அந்தக் குரலை அப்படியே எடுத்துக்கொண்டேன். டீச்சரிடம் சொல்லவில்லை. ஒத்திகையில் ஒழுங்குப்பிள்ளையாக நான்கு வரியோடு நிறுத்திக்கொண்டேன்.

விழா சாயங்காலம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை. பின்னால் நீலப் புடவையை நாலாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினால் கடல். முன்னால் நாற்காலிகளில் ஆண்கள். வராந்தாவில் தலையை மூடிய வெள்ளைத் துப்பட்டியோடு எங்கள் தெருப் பெண்கள், அவர்களோடு அம்மாவும் பெரியம்மாவும். நான் மேடை ஏறியதும் மீசையைப் பார்த்து ஒரு சிரிப்பலை. பரவாயில்லை, தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது.

கூலிகள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு மூட்டையாகத் தட்டி ஏற்றினேன். கடைசியில் கண்ணாத்தா. அவள் வந்து நின்றதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கவனிக்காமல் இல்லை. பின்னால் டீச்சர் கண்ணாத்தாவின் வசனத்தைத் தொடங்க மூச்சு இழுத்திருப்பார். அதற்குள் நான் பிரம்பால் அவள் மூட்டையை ஓங்கிக் குத்தினேன்.

“நில்லுடி! அடியில என்ன? மூட்டைய அவுத்துக் காட்டு!”

வசனத்தில் இல்லாத வரி. அவள் என்னைப் பார்த்தாள். மூட்டையைக் கீழே வைத்து அவிழ்த்தாள்.

பின்வரிசைக்காரர்கள் எக்கிப் பார்த்தார்கள். எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. “அம்புட்டுத்தானா? வேற எங்க ஒளிச்சு வச்சிருக்க? எல்லாத்தையும் காட்டு!”

இதற்கு அவள் விழிப்பாள், நான் இன்னும் இரண்டு அதட்டு அதட்டுவேன், ஜனம் கைதட்டும் என்பது என் கணக்கு. அவள் விழிக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பின்னலை அவிழ்த்தாள். விரல்களை விட்டு முடியைப் பிரித்துப் பிரித்து, தலையைக் குனிந்து காட்டினாள். காது மடலை முன்னால் மடக்கிக் காட்டினாள், இந்தக் காது, அப்புறம் அந்தக் காது. பாவாடை நாடாவைச் சுற்றி விரலை ஓட்டினாள். கையை விரித்தாள். பிறகு எனக்கு நேராக முகத்தைத் தூக்கி வாயைத் திறந்து, நாக்கை மேலே மடித்துக் காட்டிக்கொண்டு நின்றாள்.

நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கண் என்மேல் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பையன்கள் கடலை ஆட்ட மறந்துவிட்டார்கள். திறந்த வாயின் ஓரத்தில் எச்சில் வழிந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை.  வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச ஒன்றும் வரவில்லை.

“போன்னு சொல்லு! ஏய், போன்னு சொல்லுடி!” என்று திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் பல்லைக் கடித்தார்.

“போ” என்றேன்.

அப்போதுதான் வாயை மூடினாள். மூட்டையை அள்ளிக்கொண்டு, விரிந்த தலையோடு கடலுக்கு அந்தப் பக்கம் போனாள்.

அப்புறம் விழுந்தது பாருங்கள் கைதட்டல்! அந்தப் பள்ளிக்கூடத்தின் ஓடு அதிர்ந்தது. ஹெட்மாஸ்டர் எழுந்து நின்று தட்டினார். எதிர்வீட்டு மாமி துப்பட்டி முனையால் மூக்கைச் சிந்தினாள். ஆண்கள் பக்கத்தில் பெரியத்தா மட்டும் கைதட்டாமல் எழுந்து, கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனார். மகளுக்குப் பரிசு வாங்கத்தான் இவ்வளவு அவசரமாகப் போகிறார் என்று எனக்கு வயிறு எரிந்தது. கண்ணாத்தாவின் நீண்ட வசனத்தைக் கடைசிவரை யாரும் சொல்லவே இல்லை. தேவைப்படவில்லை. ஹெட்மாஸ்டர் அவளுக்கு ஒரு பென்சில் பெட்டி கொடுத்தார். எனக்கு, “மீசை நல்லா இருந்துச்சுடி” என்று பக்கத்து பெஞ்சுக்காரி சொன்னதுதான்.

அந்தக் காட்சியை உண்டாக்கியவளே நான்! நான் அதட்டியிருக்காவிட்டால் அவள் சும்மா மூட்டையோடு போயிருப்பாள். இதை யாரிடம் சொல்வது?

வீடு திரும்பியபோது யாரும் பேசவில்லை. மெய்மறந்து போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பெரியத்தா வெறுங்கையோடு திரும்பி வந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தார். பரிசு இல்லை என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. அத்தா அவளைக் கூட்டிக்கொண்டு, பால் வாங்கி வருகிறேன் என்று கடைப் பக்கம் போனார். என்னைக் கூப்பிடவில்லை. மீசையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அடுப்படி ஜன்னல் வழியே பேச்சுக் கேட்டது.

“ரங்கூன் துறைமுகத்துல அப்படித்தான் நிக்க வச்சாங்களா மச்சி?” என்று கேட்டது அம்மா.

பெரியம்மாவின் குரல் மெதுவாக வந்தது. “பொம்பளைகளச் சோதிக்கப் பொம்பளை அதிகாரி. குண்டுமணித் தங்கம் வெளிய போகக்கூடாதுன்னு உத்தரவு. கருகமணியில கோத்திருந்த பொன்மணிய மட்டும் விட மனசு வரல. உங்க மச்சான் நிக்காஹ் அன்னிக்குக் கட்டினது. சின்னப்புள்ளைய யாரு பாக்கப்போறான்னு, நாந்தான் அவ நாக்குக்கு அடியில வச்சேன். பேசாத தாயி, கப்பல் ஏறுற வரைக்கும் வாயத் தொறக்காதன்னு சொன்னேன்.”

“அல்லாவே.”

“தலைய அவுக்கச் சொன்னா, அவுத்தா. காதக் காட்டச் சொன்னா, காட்டினா. வாயத் தொறன்னா. புள்ள என்னைப் பாக்குது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்...”

அதற்கு மேல் கேட்கவில்லை. பெரியம்மா நிறுத்திவிட்டாரா, நான்தான் காது கொடுக்கவில்லையா என்று சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அப்படியானால் இது அவளாக யோசித்துச் செய்த நடிப்பே இல்லை! ரங்கூனில் ஒருத்தி வரிசையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், முதலில் தலை, அப்புறம் காது, அப்புறம் வாய் என்று. அதை அப்படியே செய்துகாட்டிவிட்டுப் பென்சில் பெட்டி வாங்கிவிட்டாள். எனக்கும் யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் நான் செய்யமாட்டேனா? ரங்கூனுக்குப் போகாமலே செய்வேனே!

அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று செய்துபார்த்தேன். தலையை அவிழ்ப்பது எளிது. காது மடலை மடக்குவதும் எளிது. நாக்கை மேலே மடித்துக்கொண்டு கண்ணை இமைக்காமல் நிற்பதுதான் கொஞ்சம் கஷ்டம். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நான்கைந்து தடவையில் அதுவும் பிடிபட்டது. எச்சில்கூட வழியவிட்டேன். இதை யாரிடம் காட்டுவது? ஹெட்மாஸ்டரிடம் காட்ட முடியாது. அம்மா அடிப்பாள். அவள் ரங்கூனில் அப்படி நின்றதை நேரில் பார்த்த ஒரே ஆள் பெரியம்மாதான். இரண்டையும் பார்த்தவர்தானே யாருடையது சரி என்று தீர்ப்புச் சொல்ல முடியும்?

பெரியம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன்.

“பெரியம்மா, இங்க பாருங்க.”

பின்னலை அவிழ்த்தேன். முடியைப் பிரித்துத் தலை குனிந்தேன். காது, அந்தக் காது, கை. வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினேன்.

முறத்திலிருந்து அரிசி சரிந்தது. பெரியம்மா அசையவில்லை. நானும் அசையவில்லை, நிற்பதில்தான் விஷயமே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பெரியம்மா என் வாய்க்குள் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, தாடை வலித்தது. அப்புறம் கையை நீட்டி என் மோவாயைத் தொட்டு, மெள்ள மேலே தள்ளி, வாயை மூடிவிட்டார்.

“அக்காவ விட நல்லாச் செஞ்சேனா?”

“நல்லாச் செஞ்ச தாயி.”

“நெசமாவா? அவள விட?”

“அவள விட நல்லாத்தான். நீதான் நல்லாச் செஞ்ச.”

அடடா! சொந்த மகளை விட என்று, பெற்றவள் வாயாலேயே! அந்த ஊரில் என்னைவிடச் சந்தோஷமாக அன்றைக்கு யாரும் இருந்திருக்கமாட்டார்கள். பென்சில் பெட்டியை அவளே வைத்துக்கொள்ளட்டும். அவள் கடையிலிருந்து வந்ததும் முதல் வேலையாக இதைச் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்து, எதிரில் முதுகைக் காட்டி உட்கார வைத்தார். விரித்த தலையோடு போகக்கூடாது என்று பின்ன ஆரம்பித்தார். இறுக்கி, ஒரு முடி பிசகாமல், நுனிவரை பின்னினார். முடிந்தது என்று நான் எழப்போனேன். தோளை அழுத்தி உட்கார வைத்து, முழுவதையும் அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து பின்னினார். பிறகு அதையும் அவிழ்த்தார். ஒழுங்காகப் பின்னிய பின்னலை ஏன் இப்படி அவிழ்த்து அவிழ்த்துப் பின்னுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவருடைய மூச்சு என் பிடரியில் சூடாகவும் விட்டுவிட்டும் பட்டுக்கொண்டிருந்தது. ரங்கூனில் அப்படித்தான் பின்னுவார்கள் போலிருக்கிறது, இத்தனை நாளும் இது அவளுக்கு மட்டும்தானே கிடைத்துவந்தது என்று நினைத்துக்கொண்டு, தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.